பை எடுத்தாச்சு, அப்புறம்?

மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு ஏன் கனக்கிறது? மனம் ஏன் எதிலும் ஒட்டமாட்டேன் என்கிறது? இதைக் கேட்கும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் பதில், “வயசாச்சு இல்ல.” மருத்துவ உலகம் கடந்த நூற்றாண்டில் வேறொரு பதில் சொன்னது: “உன் ஹார்மோன் குறைந்துவிட்டது, வாங்கி நிரப்பிக்கொள்.” முதல் பதில் அவள் வாயை மூடியது. இரண்டாவது அவளை வாடிக்கையாளர் ஆக்கியது.

சுரப்பிச் சாற்றால் உடம்பைச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கைக்கு ஓர் உண்மையான தொடக்கம் உண்டு. 1891-ல் ஜார்ஜ் முர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், தைராய்டு சுரக்காமல் வீங்கிப்போயிருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் தேறினார். தைராய்டு நன்றாக இருந்தவர்களுக்கும் எடை குறைக்க அதே மருந்தைக் கொடுக்கும் பழக்கம் விரைவிலேயே தொடங்கியது. 1960-களில் அமெரிக்காவில் தைராய்டு ஹார்மோனையும் ஆம்ஃபெட்டமைனையும் கலந்து வண்ண வண்ண மாத்திரைகளாக விற்றார்கள். உயிர்கள் போன பிறகே அரசு தலையிட்டது. ஒரு நோய்க்கான மருந்து, நோயில்லாத உடம்பைத் திருத்தும் சரக்காக மாறியதற்கு இது முதல் பாடம்.

ஈஸ்ட்ரோஜன் கதையும் இதே தடத்தில்தான் போனது. 1929-ல் அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 1942-ல் சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ‘பிரெமரின்’ அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற மகப்பேறு மருத்துவர், மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய் என்று புத்தகம் எழுதினார். எரிச்சலும் சோர்வுமாக இருக்கும் மனைவி மாத்திரை சாப்பிட்டால் கணவனுக்கு இனியவளாகிவிடுவாள் என்ற தொனி அந்தக் காலத்து விளம்பரங்களிலும் இருந்தது. மாத்திரை விழுங்கியவள் அவள், நிம்மதி தேடியது அவன். வில்சனுக்கு மருந்து நிறுவனத்தின் பணம் போனதைப் பல ஆண்டுகள் கழித்து அவர் மகனே சொன்னார்.

1975-ல் இரண்டு ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்ட பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடியதைக் காட்டின. அதன் பிறகே, கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டோஜனையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வழக்கமாயிற்று. அமெரிக்க அரசின் பணத்தில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து சாப்பிடாத 10,000 பேரில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்றால், சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. பக்கவாதமும் நுரையீரலில் ரத்தக்கட்டும் கூடின, இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. உலகமெங்கும் பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள், 60 வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது பிறகு தெளிவானது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம் பழைய எச்சரிக்கைகளில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. தராசு ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கமும் சாய்ந்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. அதிக அளவு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கலந்த மருந்துகள், ‘நாள் தள்ளிப்போனால்’ கொடுக்கும் மாத்திரையாகவும் ஊசியாகவும் இங்கே தாராளமாகப் புழங்கின. கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை 1967-லேயே வெளிநாட்டில் வந்திருந்தது. 1982-ல் இந்திய அரசு தடை போட்டது. நிறுவனங்கள் நீதிமன்றத்தில் தடைக்குத் தடை வாங்கின. பெண்கள் அமைப்புகளும் நுகர்வோர் அமைப்புகளும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1987-ல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் பொது விசாரணை நடந்தது. 1988-ல் அந்தக் கலவை ஒழிந்தது. ஹார்மோன் என்பது மருத்துவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரம் அல்ல என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

இனி கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். சிப்காட்டில் எஃகு உருட்டும் ஆலைகளும் வார்ப்பாலைகளும் இருக்கின்றன. அங்கே ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கப் போகும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு உடம்பில் குப்பென்று சூடு ஏறினால், அது உலையின் சூடா உள்ளிருந்து வரும் சூடா என்று பிரித்துப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது.

எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் பெண்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “பை எடுத்தாச்சு.” 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை அகற்றப்பட்டவர்கள் இந்தியாவில் 3.2 விழுக்காடு, ஆந்திராவில் 8.9. அகற்றப்பட்டவர்களில் பாதிப்பேர் அப்போது 34 வயதைத் தாண்டவில்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் கருப்பை எடுத்த வழக்கில், இதைக் கண்காணிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023-ல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஹார்மோன் ஒரே நாளில் சரிகிறது. சினைப்பையை விட்டுவைத்தாலும் மாதவிடாய்க்காலம் முடிவது சற்று முந்தும். முப்பதுகளில் இப்படி ஆன பெண்ணுக்குத்தான், வேறு தடை இல்லையென்றால், ஈஸ்ட்ரோஜன் மெய்யாகவே தேவை. இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை எலும்புக்கும் இதயத்துக்கும் அது காவல். வசதியுள்ள அமெரிக்கப் பெண்ணுக்கு வேண்டாதபோதும் விற்ற மருந்து, எல்லையோரத்துக் கூலிப் பெண்ணுக்கு வேண்டியபோதும் எழுதித் தரப்படுவது அரிது. தையல் பிரித்து அனுப்பியதோடு சரி.

எடையும் மனச்சோர்வும்? இந்தச் சிகிச்சை எடை குறைக்கும் மருந்து அல்ல. நடுவயதில் எடை கூடுவதில் வயதுக்கே பெரும்பங்கு, ஹார்மோன் குறைவு அந்தக் கொழுப்பை வயிற்றுப் பக்கம் சேர்க்கிறது. உடல் சூடும் இரவு வியர்வையும் இதில் நன்றாகக் குறையும். தூக்கம் திரும்பினால் சிலருக்கு மனமும் தெளியும். ஆனால் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு அதற்குரிய மருத்துவம் வேண்டும். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், மனம் மங்கும். ரத்தசோகையும் ஆளைச் சோர்த்துப்போடும், தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் இவற்றைப் பார்க்காமல் ‘வயசு’ என்று அனுப்புவதும் தவறு, ‘ஹார்மோன்’ என்று விற்பதும் தவறு.

எனவே கேட்க வேண்டியவை சில. பை எடுக்கச் சொன்னால்: ஏன், வேறு வழி என்ன, சினைப்பை இருக்குமா? எடுத்தபின்: எனக்கு ஹார்மோன் தேவையா, எத்தனை ஆண்டு, என் வீட்டில் மார்பகப் புற்றுநோய் இருந்ததே, ரத்தக்கட்டு வந்ததே, அதனால் என்ன? அறுவைச் சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. பல பெண்களுக்கு அது இன்றுவரை சொல்லப்படவில்லை.