தாயகம் திரும்பியோரா?

நாட்டைவிட்டுப் போவதை ஆங்கிலம் 'எமிகிரேஷன்' என்கிறது. இன்னொரு நாட்டில் வந்து குடியேறுவதை 'இமிகிரேஷன்' என்கிறது. அந்நியரை வெளியேற்றுவது 'டிப்போர்ட்டேஷன்'. சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதோ 'ரிபாட்ரியேஷன்'.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கடைசிச் சொல்லையே தெரிந்தெடுத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்கள் ஏறத்தாழ 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

தலைமன்னாரில் கப்பலேறியோருள் மிகப்பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். இந்திய மண்ணை முன்னொருபோதும் மிதித்திராதவர்கள். காணாத ஊருக்கு ஒருவர் எவ்வாறு 'திரும்ப' இயலும்? வெளியேற்றம் என்னும் கசப்பை அச்சொல் மூடி மறைத்தது என்பேன்.

தமிழகத்திலும் அரசு அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றே அழைத்தது. ஆனால் நீலகிரியின் அயலவர்களுக்கு அவர்கள் 'சிலோன்காரர்'. இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் அவர்களின் உறவினர் 'இந்தியத் தமிழர்'. இரு கரையிலும் அவர்களுக்குக் கிட்டியது மறுகரையின் பெயரே.