‘எஜமான்’ என்னும் விளி: அசரியாவின் எடின்பரோ உரையும் மிஷனெரி அமைப்புகளின் இனப் படிநிலையும்

1910 ஜூன் 20 மாலை, எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆற்றிய உரை, நட்புக்கான வேண்டுகோளாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. உரையின் பொருளோ அயல்நாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பதில் உள்ள சிக்கல். ஏறத்தாழ 1,200 பேராளர்களில் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவு.

தென்னிந்தியாவில் கீழ்நிலை ஊழியர் மிஷனெரியை ‘எஜமான்’ என்று விளிப்பதை அசரியா எடுத்துக்காட்டினார். மிஷனெரி சம்பளம் அளிப்பவர், இந்தியர் அவருடைய வேலையாள் என்ற உறவு நீடிக்கும்வரை இந்தியத் திருச்சபையில் தன்மதிப்பு வளராது என்பது அவர் வாதம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்திய அறப்பணி அமைப்புகளுக்குள் நிலவிய இனப் படிநிலை முழுவதும் அந்த ஒரு விளிச்சொல்லில் அடங்கிவிட்டது எனலாம்.

இதனை வெறும் மனக்குறையாகக் கொள்ள இயலாது. திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் (1903), தேசிய மிஷனெரி சங்கம் (1905) ஆகியவற்றைத் தோற்றுவித்தவர்களுள் அவர் முதன்மையானவர். இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் என்பது அவை முன்வைத்த கொள்கை. எனவே அவர் வேண்டிய நட்பை, ஊதியமும் அதிகாரமும் எவர் கையில் என்ற வினாவிலிருந்து பிரித்து வாசிப்பது பொருந்தாது.

1912-இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அந்நியமனத்தை ஐரோப்பிய மிஷனெரிகள் சிலர் எதிர்த்தனர். இந்தியர் ஒருவரின்கீழ்ப் பணிபுரிய நேரும் என்பது அவர்தம் தயக்கங்களுள் ஒன்று.