அஃப்ளாடாக்சின் நச்சேற்றம்

அஃப்ளாடாக்சின் நச்சேற்றம் என்பது பூஞ்சணம் பிடித்த தீவனத்தால் கால்நடைகளுக்கும் கோழியினங்களுக்கும் வரும் கல்லீரல் நோய். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பாராசிடிகஸ் ஆகிய பூஞ்சைகள் நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை முதலியவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகின்றன. வறட்சியில் வாடிய பயிரில் இது வயலிலேயே தொடங்கிவிடும். சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய சரக்கில் மேலும் பெருகும்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் பிடிபடாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே அதை அழைத்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதிலிருந்து பிரித்த நச்சுகளில் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தவை பி வகை, பச்சையாக ஒளிர்ந்தவை ஜி வகை எனப் பெயர் பெற்றன. அவற்றுள் பி1 மிகக் கொடியது.

பி1ஐக் கொடியதாக்குவது கல்லீரலேதான். அங்குள்ள சைட்டோகுரோம் பி450 நொதிகள் அதை எபாக்சைடாக மாற்றுகின்றன. அது உயிரணுவின் டிஎன்ஏவிலுள்ள குவானினோடு பிணைந்து புரத உற்பத்தியைக் குலைக்கிறது. கல்லீரலிலுள்ள குளூட்டாதையோன் என்ற சேர்மம் முந்திக்கொண்டு அதனோடு பிணைந்தால் எபாக்சைடு அடங்கிவிடும். வான்கோழியின் கல்லீரலில் இந்தப் பிணைப்புக்கான நொதியின் செயல் மிகக் குறைவு. 1960இன் பேரழிவுக்கான விளக்கம் பெரிதும் இதில் அடங்கியிருக்கிறது. வாத்துக்குஞ்சும் எளிதில் சாகும். வளர்ந்த செம்மறியாடு ஓரளவு தாங்கும். மாட்டைவிடக் கன்றுக்கே ஆபத்து அதிகம்.

நச்சு மிகுந்தால் கல்லீரல் அணுக்கள் அழிந்து சில நாள்களில் சாவு நேரும். பண்ணைகளில் அதிகம் காணப்படுவதோ சிறுகச் சிறுக ஏறும் நச்சுதான். கல்லீரலில் கொழுப்பு படிந்து வெளிறும், பித்தநாளங்கள் பெருகும், நாளடைவில் திசு நார்போல் இறுகும். இரத்தம் உறையத் தாமதமாகும். தீனி குறையும், எடை ஏறாது. நோய் எதிர்ப்பாற்றல் தளர்வதால் போட்ட தடுப்பூசியும் சரிவரப் பலிக்காது. பழி பெரும்பாலும் தடுப்பூசி மீதே விழும்.

கறவை மாட்டின் கல்லீரல் பி1இன் ஒரு பகுதியை எம்1 என்ற நச்சாக மாற்றிப் பாலில் விடுகிறது. காய்ச்சினாலும் அது போகாது. பாலில் எம்1க்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.05. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஆய்வில் 6,432 பால் மாதிரிகளில் 368 வரம்பை மீறின. தமிழ்நாடு, டெல்லி, கேரள மாதிரிகளில் இது அதிகம் தென்பட்டது.

இந்நச்சுக்கு முறிமருந்து இல்லை. தீவனத்தை மாற்றுவதே முதல் சிகிச்சை. பூஞ்சணத்தைத் தட்டி உதறி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பது பலருக்கும் வழக்கம். ஆனால் பூஞ்சை மடிந்தாலும் அது விட்ட நச்சு தானியத்தில் தங்கிவிடும். பென்டோனைட் போன்ற களிமண் வகைகளைத் தீவனத்தில் கலந்தால் அவை குடலில் பி1ஐப் பற்றிக்கொள்ளும். டி-2 போன்ற வேறு பூஞ்சை நச்சுகளிடம் அவை அவ்வளவாக எடுபடுவதில்லை.