மாறாத நீர் என்ற கனவும் ஒரு ஹோஸ் பைப்பின் கதையும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர் எவராயினும் ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்றுண்டு. ஹோஸ் பைப் கொண்டு, அடியில் தேங்கிய அழுக்கோடு கால்பங்கு நீரை இறக்கிவிட்டுப் புதுநீர் நிரப்புவதே அது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், இந்த வேலையே தேவைப்படாத தொட்டியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக மீன்தொட்டியின் முன்னோடிகள் நம்பியிருந்தனர் என்பதைப் பலர் அறியார்.

1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டோர்க்கி கடற்கரையில் கற்பவள உயிர்கள் சிலவற்றைக் கண்டெடுத்த அன்னா தைன் என்ற சீமாட்டி, அவற்றை ஒரு சாடியிலிட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் குருமாரில் ஒருவர். கடல்நீரைத் தூர இடத்திலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. அது போதாதபோது, பழைய நீரையே திறந்த யன்னலருகே வைத்துப் பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றி ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தார்கள். நாள்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் பிடிக்கும் வேலை. ஊற்றியவர் சீமாட்டி அல்லர், வீட்டுப் பணிப்பெண். பவளத்தைக் காப்பாற்றிய பெருமை எசமானியின் பெயரில் நிற்கிறது. கை சோர ஊற்றியவரை வரலாறு 'பணிப்பெண்' என்பதோடு விட்டுவிட்டது. மறு ஆண்டு, 1847இல், தைன் அம்மையார் அந்நீரில் கடற்பாசிகளையும் சேர்த்தார்.

இந்த உழைப்புக்கு முடிவுகட்டும் வழியை 1850இல் அறிவித்தவர் றொபேட் வோரிங்டன் என்ற இரசாயனவியலாளர். இரண்டு தங்கமீன்கள், வலிஸ்நேரியா என்ற நீர்த்தாவரம், அழுகும் இலைகளைத் தின்னச் சில நத்தைகள்: இவ்வளவுதான் அவரது தொட்டி. மீன் விடும் காபனீரொட்சைட்டைச் செடி ஏற்கும். செடி விடும் ஒட்சிசனை மீன் சுவாசிக்கும். ஆகவே நீரை மாற்றத் தேவையில்லை என்பது கோட்பாடு. இதற்கு முன்னரே நதானியேல் வார்ட் என்ற வைத்தியர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நெடுங்காலம் வாழும் என்று காட்டியிருந்தார். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலை மீன் மண்டபத்தைத் திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி கொஸ்ஸின் நூல் வெளியாயிற்று. வசதிபடைத்த வீடுகளின் வரவேற்பறைகளில் தொட்டி வைப்பது ஒரு மோகமாகவே பரவியது.

மோகம் நீடிக்கவில்லை. மீன்கள் மடிந்தன, தொட்டிகள் நாறின. இந்த வேளையில் புத்தகம் கட்டும் தொழிலாளியாயிருந்து மீன்தொட்டி வணிகரான வில்லியம் அல்ஃபோட் லொயிட் வேறு வழியில் சிந்தித்தார். காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கத்தை நிலத்தடியில் அமைத்து, இடையறாது நீரைச் சுழலவிட்டார். ஹம்பேர்க்கில் 1864இலும், இலண்டன் கிறிஸ்டல் பலஸில் 1871இலும், நேப்பிள்ஸில் 1874இலும் திறக்கப்பட்ட காட்சியகங்களில் அவரது கைவண்ணம் உண்டு. என் மதிப்பில் இத்துறையின் உண்மையான மேதை அவரே. ஆனால் நிலத்தடித் தேக்கம் யார் வீட்டில் இருக்கிறது?

கோட்பாட்டின் ஓட்டை எங்கே என்பது பின்னரே தெளிவாயிற்று. சேர்க்கி வினோகிராட்ஸ்கி 1890 அளவில் தனிப்படுத்திய பக்டீரியாக்கள், கழிவிலிருந்து எழும் அமோனியாவைப் படிப்படியாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அமோனியா அளவுக்கு அது நஞ்சன்று. ஆயினும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மீனின் கழிவைச் செடிகள் உறிஞ்சிவிடும். இருபது மீனையிட்டு நாள்தோறும் தீனி கொட்டினால் நீரை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

மாற்றுவதற்கான கருவியோ மிகப் பழையது. உயரத்திலுள்ள நீரை வளைகுழாய் வழியே தாழ இறக்கும் சைபன் முறையை அலெக்சாந்திரியாவின் ஹீரோ ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே விவரித்திருக்கிறார். இல்லாதிருந்தது, வளைந்துகொடுத்தும் வெடிக்காத குழாய். அதைச் சாத்தியமாக்கியது, சாள்ஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற, றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறை. இங்கே நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 1,900 றப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்தன; ஹெனரத்கொடைப் பூங்காவில் வளர்ந்தன. அவை கடல் கடந்து வந்தது வார்ட்டின் கண்ணாடிப் பெட்டிகளில்! மீன்தொட்டிக்கு முன்மாதிரியான அதே பெட்டிதான் றப்பரையும் இங்கு சேர்த்தது.

1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரம் தன் குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரீன் கலக்கத் தொடங்கியது. பிற நகரங்களும் பின்பற்றின. மனிதரைக் கொள்ளைநோயிலிருந்து காத்த அந்நீர் மீனின் செவுள்களைப் பொசுக்கியது. மாற்று மருந்து சோடியம் தயோசல்பேற்று. பழைய பத்திரிகை அலுவலகங்களின் இருட்டறை வாசனை அறிந்தவர்களுக்கு 'ஹைப்போ' என்றால் உடனே விளங்கும்.

பிற்காலத்தில் குழாய்வாயிலேயே பொருத்தும் ஹோஸ்கள் வந்தன. அமெரிக்காவின் 'பைத்தன்' இவற்றுள் பெயர்பெற்றது. குழாய்நீரின் வேகமே தொட்டிநீரை இழுத்துக் கழிகலத்தில் சேர்க்கும். அடைப்பைத் திருப்பினால் அதே ஹோஸ் வழியே புதுநீர் ஏறும். வாளி தூக்கும் வேலை ஒழிந்தது. ஆனால் அழுக்கை இழுப்பதற்காக நல்ல நீர் வீணே ஓடுகிறது. நேரே நிரப்பும்போது, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டுக் குளோரீன் நீக்கியை முதலிலேயே இடவேண்டும். குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால் தொட்டிநீர் குடிநீருக்குள் பின்னோக்கி ஏறிவிடலாம். அதைத் தடுக்கும் வால்வு அவசியம்.

ஹோஸைக் கழுவுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 1926இல் பிலடெல்பியாக் காட்சியகத்தில் இறந்த கடல்மீன்களில் அரன்சன் என்ற ஆய்வாளர் ஒரு பக்டீரியாவை இனங்கண்டார். காசநோய்க் கிருமியின் உறவான அது, கையிலுள்ள சிறு கீறல் வழியே புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக மாறவல்லது. மீன்தொட்டியிலிருந்து மனிதருக்கு அது தொற்றுவது 1962இல் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. ஹோஸின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான படலத்தில் இத்தகைய கிருமிகள் சுகமாக வாழும். எனவே நீரை வாயால் உறிஞ்சித் தொடக்குவதை விட்டுவிட வேண்டும். நோயுற்ற தொட்டிக்குத் தனி ஹோஸ் வேண்டும். சவர்க்காரம் ஆகாது. ஐதான வெளிற்றும் தூள் கரைசலைச் சற்றுநேரம் உள்ளே நிற்கவிட்டு, நன்றாக அலசி, ஹைப்போ நீரில் ஒருமுறை ஓடவிடலாம். பிறகு இரு முனைகளும் கீழ்நோக்கத் தொங்கவிட வேண்டும். உள்ளே ஒரு துளி நீரும் தங்காமல் உலர்வது முக்கியம். சுருட்டி மூலையில் போட்ட ஹோஸ் ஒருபோதும் உலர்வதில்லை.