மணலும் விரலும்

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு காலத்தில் 'மதராஸ் முறை' என்றொரு கல்விமுறை பெரும்புகழுடன் விளங்கியது. அதைக் கண்டுபிடித்தவராகப் போற்றப்படுபவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். கண்டுபிடித்தார் என்பதைவிடக் கண்டார் என்பதே பொருந்தும்.

1787இல் இந்தியாவுக்கு வந்த பெல், 1789இல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண்மக்களுக்கென அமைந்த அநாதை விடுதியின் கண்காணிப்பாளரானார். கீழ்வகுப்புச் சிறுவர்களுக்கு எழுத்தறிவிப்பது அங்கே பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் காலை குதிரைமீது செல்கையில், 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதக் கண்டார். (மலபார் என்றதும் மேற்குக் கரையை எண்ணவேண்டா, அக்கால ஐரோப்பியர் தமிழரையும் அப்பெயராலேயே அழைத்தனர்.) தம் விடுதியிலும் அவ்வாறே கற்பிக்குமாறு பணித்தார். கீழ்வகுப்பு ஆசிரியரோ, ஆகாத காரியம் என்று கைவிரித்துவிட்டார். உடனே பெல், எட்டு வயதே ஆன ஜான் பிரிஸ்கன் என்ற சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று.

பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாவதும் நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை யார் அறியார்? பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1623இல், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டு இக்கேரியில் நான்கு சிறுவர்களைக் கண்டு எழுதியுள்ளார். தரையில் நுண்மணல் பரப்பியிருந்தது. ஒருவன் கணக்குப் பாடத்தை இராகமிட்டுப் பாடிக்கொண்டே விரலால் எழுத, மற்றவர்கள் அதையே பாடி எழுதினர். இடம் நிறைந்ததும் அழித்துப் புதுமணல் தூவினர். அருகில் ஆசிரியர் இல்லை.

நம் ஓதும் பள்ளிகளில் மரப்பலகையில் மையால் அலிஃப், பே எழுதி, கழுவி மீண்டும் எழுதிய வழக்கத்தை மூத்தோர் அறிவர். மணலும் பலகையும் ஒரே அறிவின்பாற்பட்டவை. தாளுக்குச் செலவில்லை, பிழைக்கு அச்சமும் இல்லை. பிஞ்சு விரலுக்கு எழுதுகோலைப் பிடிக்கும் தொல்லையுமில்லை.

பெல் 1796இல் சென்னையை விட்டுச் சென்று, மறுஆண்டே லண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். 1798இல் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு அதையொத்த பள்ளியைத் தொடங்கினார். முறை யாருடையது என்று இருவருடைய ஆதரவாளர்களும் பல்லாண்டு பூசலிட்டனர். சென்னையின் திண்ணையை அவ்வழக்கில் சாட்சிக்கு அழைத்தவர் சிலரே. அங்கே மணல் நீண்ட மேசைகளில் ஏறியது. கட்டளைக்கு எழுதுவதும், கட்டளைக்கு நிறுத்துவதும், மணலைச் சமப்படுத்த ஒரு கருவியும் என அது படைப்பயிற்சி போலாயிற்று. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைச் சமாளிக்கலாம் என்னும் சிக்கனமே கொடையாளிகளை ஈர்த்தது. 1832இல் மறைந்த பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கல்லறை கிடைத்தது. அவர் பிறந்த ஊரில் அவர் பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் மட்டும் உண்மையை ஒளிக்கவில்லை. 1823இல் அவர் எழுதிய அறிக்கை, நம் பிள்ளைகள் எழுத்துகளை உச்சரித்துப் பழகாமல் மணலில் எழுதியே கற்பதையும், மூத்தோர் இளையோருக்குக் கற்பிப்பதையும் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தக்கதே என்கிறது. அவரே ஒரு குறையும் சொன்னார்: பிள்ளைகள் செய்யுட்களைப் பொருள் அறியாமல் மனனம் செய்கின்றனர் என்று. அதை நாம் மறுப்பதற்கில்லை. நம் ஓதும் பள்ளிகளுக்கும் அது உறைக்கவேண்டிய சொல்லே.

1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் முறையில் அட்டையில் ஒட்டிய சொரசொரப்பான எழுத்தைக் குழந்தை விரலால் தடவும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். எழுதுகோல் அதன் பிறகே.