மானம்பூவும் வாயிலில் நின்ற மாணாக்கரும்

கொழும்பு நகருக்கு வடக்கே களனி கங்கையைக் கடந்து செல்வோர் வத்தளையையும் அதனையடுத்து ஹெந்தளையையும் அடைவர். ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் அமைத்த தொழுநோய் வைத்தியசாலையால் வரலாற்றில் இடம்பெற்ற இவ்வூரில் கத்தோலிக்கரும் பௌத்தரும் சைவரும் இசுலாமியரும் அருகருகே வாழ்கின்றனர். ஒருவர் வாயிலுக்கு மற்றவர் வருதல் இத்தகைய ஊர்களில் ஆண்டு முழுவதும் நிகழ்வது. நத்தார்க் காலத்தில் கரோல் பாடுவோர் வருவர். பொங்கலும் புத்தாண்டுப் பலகாரமும் வேலி கடந்து செல்லும். அண்மைக் காலத்தில், ஒக்டோபர் 31ஆம் நாள் மேனாட்டார் கொண்டாடும் ஹலோவீன் பற்றிய பேச்சும் கொழும்பிற் கேட்கப்படுகின்றது. முகமூடி அணிந்த சிறுவர் வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்பதும், கொடாதவரிடம் குறும்பு செய்வதாக விளையாட்டாய் அச்சுறுத்துவதும் அந்நாளின் வழக்கு. குழந்தைகள் கேட்டாற் கொடுத்தாலென்ன என்பர் ஒரு சாரார். பிறர் வாயிலில் நின்று கேட்பது இரத்தல் ஆகும். அது நம்மவரிடம் என்றும் இருந்ததில்லை என்பர் மறுசாரார். இவ்விரண்டாவது கூற்று ஆராயத்தக்கது. ஏனெனில் நம்மவரிடம் அது இருந்தது. கல்வியோடு பிணைந்தே இருந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டிற் பிறந்தவர். தம் முதுமையில், 1940 முதல், 'ஆனந்த விகடன்' இதழில் அவர் எழுதிவந்த 'என் சரித்திரம்' 1942இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றுவிட்டது. ஆயினும் சோழநாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் நடைமுறையை அறிய அதனினும் சிறந்த சான்று அரிது. மணலில் எழுதுதல், ஏட்டுச்சுவடி, சட்டாம்பிள்ளையின் அதிகாரம், உபாத்தியாயரின் பிரம்பு ஆகிய யாவும் அதில் உள. நவராத்திரிக் காலத்தில் மாணாக்கர் கோலாட்டத்துடன் பாடி வீடுதோறும் செல்வதும், அங்குக் கிடைக்கும் பொருள் உபாத்தியாயருக்குச் சேர்வதும் அக்கால வழக்கங்களாம்.

அந்த உபாத்தியாயருக்கு மாதந்தோறும் உறுதியாக வரும் சம்பளம் இல்லை. பெற்றோர் தரும் சிறு காசும், அறுவடையில் அளக்கும் நெல்லும், வீட்டில் விளைந்த காய்கறியுமே அவருடைய வருவாய். ஆகவே நவராத்திரியில் வாயிலுக்கு வந்த பிள்ளைகள் ஊர் தன் ஆசிரியருக்குச் செலுத்தவேண்டியதைப் பெறவந்த தூதர் என்று கொள்ளல் தகும். வீட்டுக்காரர் இட்டது பிச்சையன்று. கூலியின் ஒரு பகுதி. அதற்கு ஈடாகப் பிள்ளைகள் பாட்டைக் கொண்டுவந்தனர். ஓராண்டில் தம் மகன் என்ன கற்றான் என்பதைத் தெருவார் தம் வாயிலிலேயே கேட்டறியவும் அஃது இடமாயிற்று.

அக்காலச் சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதிகளில் இவ்வழக்கம் இன்னும் செழிப்பாக இருந்தது. தசராவின்போது பிள்ளைகள் வண்ணந் தீட்டிய வில்லும் அம்பும் ஏந்தி, ஆசிரியரோடு தெருவில் வருவர். பூவும் வண்ணப் பொடியும் தூவுவர். அவர்கள் பாடிய பாட்டின் பொருள் மிகச் சுவையானது. ஆசிரியருக்குச் சில வராகன்கள் போதும், பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் போதும் என்று அது கேட்கும். தசராப் பிள்ளைகள் வந்துவிட்டனரே என்று சினங்கொள்ள வேண்டாம் எனவும், நாளை வா எனத் தவணை சொல்ல வேண்டாம் எனவும் அது வீட்டுக்காரரை வேண்டும். சினங்கொள்ளாதவரிடம் சினங்கொள்ளாதே என்று எவரும் பாடுவதில்லை. எனவே அந்நாளிலும் மலர்ந்த முகத்தோடு கதவைத் திறந்தவரும், முகஞ் சுளித்துத் தவணை கூறியவரும் ஒரே தெருவில் இருந்தனர் என்பது பெறப்படும். பழங்காலத்தில் யாவரும் வாரிவழங்கினர் எனக் கருதுவோர் இப்பாட்டை நினைத்தல் நன்று.

ஐரோப்பாவிலும் பள்ளிச் சிறுவர் பாடி உணவு பெற்றனர். சமயச் சீர்திருத்தஞ் செய்த மாட்டின் லூதர் சிறுவயதில், ஐசனாக் என்னும் ஊரிற் கல்வி கற்றபோது, வீட்டு வாயில்களிற் பாடி அப்பம் பெற்றவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டுமென 1530இல் எழுதிய உரையில், வாயிலில் வந்து பாடும் மாணாக்கரை இகழாதீர், யானும் அவருள் ஒருவனாய் இருந்தேன் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். இகழ்ந்தோர் அங்கும் இருந்தமையாலன்றோ அது கூறவேண்டியதாயிற்று! இங்கிலாந்தில் நவம்பர் 2ஆம் நாளாகிய மரித்தோர் திருநாளை ஒட்டி, இறந்தோர்க்காக வேண்டுதல் செய்து அப்பம் பெறும் வழக்கு இருந்தது. அமெரிக்காவில் 1930களிற் பரவிய இனிப்புக் கேட்கும் பழக்கம் இத்தகைய பழைய வழக்குகளின் வழிவந்ததெனக் கருதப்படுகின்றது. இரண்டாம் உலகப் போரில் சீனிப் பங்கீடு வந்தபோது அது தளர்ந்து, போருக்குப் பின் மீண்டும் வளர்ந்தது. வாயில் விளக்கு எரியும் வீட்டுக்கே செல்லலாம், இருண்ட வீட்டைத் தட்டலாகாது என்னும் ஒழுங்கும் அங்கு உண்டாயிற்று.

இனி இலங்கையை நோக்குவாம். யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களில் விசயதசமியன்று வாழை வெட்டும் திருவிழாவுக்கு மானம்பூ என்பதே பெயர். தமிழ்நாட்டிலோ அம்பெய்யும் மானம்பூச் சாவடிக்கு அந்நாளிற் பள்ளிப் பிள்ளைகளும் ஆடிப்பாடிச் சென்றனர். இங்கே அச்சொல் கோயில் வீதியில் நிலைபெற்றிருக்க, பள்ளியோடு அதற்கிருந்த உறவை இன்றைய மாணவர் அறியார். அன்று ஏடு தொடக்கும் வழக்கம் மட்டும் மாறாதுளது.

இம்மாறுதலுக்குக் காரணம் பண்பாட்டுச் சிதைவன்று. ஆசிரியருக்குச் சம்பளம் கிடைத்தமையே. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனார் கட்டணமின்றிக் கற்பித்து, ஆசிரியருக்குத் தாமே ஊதியம் அளித்தனர். 1848இல் ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, திண்ணைப் பள்ளியின் முறையை விடுத்து, வகுப்பும் அச்சிட்ட பாடநூலும் உடைய முறையையே தழுவினார். 1869இல் பொதுக்கல்வித் திணைக்களம் தோன்றியது. பாடசாலைகளுக்கு அரசாங்க நன்கொடை ஒழுங்காகக் கிடைக்கலாயிற்று. 1945 ஒக்டோபர் முதலாக இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மாத இறுதியிற் சம்பளம் பெறும் ஆசிரியர் தம் மாணாக்கரைப் பாடவைத்துக் காசு சேர்த்தல் எவர்க்கும் ஒவ்வாது. பிள்ளையின் குரலால் வயிறு வளர்த்த அந்த முதியவரை இற்றைநாள் ஆசிரியர் சிலர் நாணத்தோடு நினைப்பதுண்டு. அந்நாணம் வேண்டாதது. அவருக்கு ஊர் வைத்த வேறு வழி யாது?

ஆயினும் அம்முறையைப் போற்றி மீட்கவேண்டும் என்றலும் பொருந்தாது. குரல்வளம் இல்லாத பிள்ளையும், கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளையும் அந்நாளிற் பட்ட கூச்சத்தை ஒருவரும் எழுதிவைத்திலர். தன் வீட்டு வாயிலிலேயே தோழர் நடுவே நின்று, தாய் வெறுங்கையோடு வெளிவருவதைக் காணும் சிறுவனின் நிலை எண்ணத்தக்கது.

வழக்கம் மறைந்தபோது அதனோடு மறைந்தது கணக்கு ஒன்று. வந்த பிள்ளை எதன்பொருட்டு வந்தது என்பதை அன்று யாவரும் அறிவர். இன்று வாயில் மணி அடிக்கும் பிள்ளை கோயிற்கு வந்ததோ, பாடசாலை நிதிக்கு வந்ததோ, விளையாட்டுக்கு வந்ததோ என்பது திறந்து பார்த்தாலன்றித் தெரியாது. பிணக்குப் பெரும்பாலும் இங்கேயே பிறக்கின்றது. பிள்ளை விளையாட்டென்று நினைத்ததை வீட்டுக்காரர் இரத்தல் என்று கொள்கின்றார்.

தமிழ்நாட்டு நவராத்திரிக் கொலுவில் இச்சிக்கல் இல்லை. சிறுமியர் கண்ணனும் இராதையுமாய் வேடமிட்டு அயல்வீடுகளுக்குச் செல்வதுண்டு. சென்றவர் முதலில் தம் வீட்டுக் கொலுவுக்கு அழைப்பர், பின்னர் ஒரு பாட்டுப் பாடிச் சுண்டல் பெறுவர். கேட்பவரே அழைப்பவருமாதலால் அங்குக் கூச்சத்துக்கு இடமில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தீபாவளியன்று வரும் பிள்ளைகளுக்குக் காசு வைத்த உறை கொடுப்பது, சீனரிடமிருந்து தமிழர் கொண்டு தமதாக்கிய முறையாகும். பௌத்த பிக்கு பிண்டபாதம் வரும்போது வாய்திறந்து கேளார். சற்று நின்று, இடுவார் இல்லையெனின் அடுத்த வாயிலுக்குச் செல்வார். துடக்கு வீட்டுக்குக் கொண்டாட்டத்தை எடுத்துச் செல்லாமை சைவரிடத்து உள்ள ஒழுக்கம்.

இவ்வொழுக்கங்களெல்லாம் தெருவை நோக்கிய வாயிலுக்கு உரியன. ஹெந்தளையின் ஒழுங்கைகளில் அவ்வாயில் இன்னும் உண்டு. வெள்ளவத்தையிலோ தொடர்மாடிகள் எழுந்தபின் வாயில் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டது. அங்கு வரும் பிள்ளையை முதலிற் காண்பவர் காவலாளி. அவர் தொலைபேசியை எடுத்து, யாரோ பிள்ளைகள் வந்திருக்கின்றனர், மேலே அனுப்பலாமோ என்று வினவுவார். மேலிருப்பவர் அவர்களின் முகத்தையும் காணார், பாட்டையும் கேளார். அக்கணமே விடை கூறவேண்டும்.