கேட்டறிந்து தொழில் தொடங்குதல்



திருவள்ளுவனார் பொருட்பாலில் அரசனுக்குக் கூறிய அறிவுரைகளுட் பல வணிகனுக்கும் ஒக்கும். ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரமும், ‘தெரிந்துசெயல்வகை’ என மற்றோர் அதிகாரமும் அவர் வகுத்தனர். இலாபத்தை எண்ணிக் கைம்முதலைத் தொலைக்கும் வேலையில் அறிவாளர் தலையிடார் என்பது பின்னதன்கண் அவர் காட்டும் நெறிகளுள் ஒன்று. சிறு கடை வைப்பானுக்கு இதனினும் ஏற்ற உபதேசம் பிறிதில்லை. அரசன் தோற்பின் நாட்டை இழப்பான். சிறு வணிகன் தோற்பின் மனையாளின் நகையையும் தந்தை வைத்த வீட்டையும் இழப்பான். இழந்த பொருளின் அளவு வேறாயினும் துயரின் அளவு ஒன்றே.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், தாயின் நகைகளை அடகு வைத்து ஒரு கடை தொடங்கி, ஓராண்டு நிரம்புமுன் அதனை மூடினார். அதே வியாபாரத்தில் முப்பது வருஷம் பழகிய பெரியவர் ஒருவர் அவருக்கு அடுத்த தெருவிலேயே இருந்தார். “அவரை ஏன் கேட்கவில்லை?” என்று யாம் வினவ, “கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று எண்ணிவிடுவாரே, ஐயா” என்றார். அச்சொல் எம் நெஞ்சினின்று அகலவில்லை. கேட்பது இழிவு என்னும் இவ்வெண்ணம் நம் முன்னோர்க்கு இருந்திருப்பின், நம் சமூகம் தொழில்துறையில் இத்துணை உயர்ந்திராது. இதற்குச் சான்றாகச் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் தோற்றத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சிவகாசியைச் சூழ்ந்த நிலம் கரிசற் காடு. மழை பொய்ப்பது அங்கே அரிதன்று. உழவை மட்டும் நம்பி வாழ்தல் இயலாமையின், நம் மக்கள் பொதிமாடு ஓட்டியும் சந்தைகளிற் சரக்கு விற்றும் வணிகத்தை வளர்த்தனர். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்னும் ஆறு ஊர்களும் இவ்வாறு எழுந்தவை. 1899 ஆம் வருஷத்துக் கலகத்திற் சிவகாசி அடைந்த இடர் பெரியோர் வாயிலாக நாம் அறிந்ததே. அதன் பின்னரும் ஊரைத் தாங்கி நிறுத்தியது மகமை முறையாகும். விற்கும் சரக்கின்மீது வியாபாரி ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்த, அது பொதுநிதியாய்த் திரண்டு, கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் ஆயிற்று. பணம் மட்டுமோ அங்குத் திரண்டது? மகமைக் கணக்குப் பார்க்கக் கூடும் இடத்தில் மூத்த வியாபாரிகளின் அனுபவமும் இளையோர் செவிக்கு எட்டிற்று. எச்சரக்கை எந்த மாதத்தில் வாங்குவது, எவருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பனவற்றை அறிதற்கு அக்காலத்தில் அதனின் வேறு பள்ளிக்கூடம் இல்லை.

நிற்க. தீப்பெட்டித் தொழிலோ ஊர்ப் பெரியவர் எவரும் அறியாத தொழில். அக்காலத்தில் இந்தியர் ஏற்றிய தீக்குச்சிகளுட் பெரும்பகுதி ஜப்பான், ஸ்வீடன் முதலிய தேசங்களினின்று கப்பலேறி வந்தவை. 1922 ஆம் வருஷத்தில் அரசாங்கத்தார் அயல்நாட்டுத் தீப்பெட்டிமீது குரோசு ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 1 ரூபாய் 8 அணா இறக்குமதி வரி விதித்தனர். அதனால் உள்நாட்டில் தீப்பெட்டி செய்வார்க்கு வழி திறந்தது. அவ்வழியைக் கண்டவர் பலர்; அதில் நடக்கக் கற்றவரோ சிலரே.

சிவகாசி இளைஞராகிய ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் அச்சிலருள் முன்னின்றவர்கள். உறவினராகிய இவ்விருவரும் ஊரிலிருந்தபடியே முதலைக் கொட்டித் தொழிலைத் தொடங்கவில்லை. 1922 இற் கல்கத்தாவுக்குப் பயணமாயினர். ஜப்பானியர் வாயிலாகப் பரவிய தீப்பெட்டித் தொழில் அந்நகரில் அப்போது நடைபெற்று வந்தது. அங்கே பூர்ண சந்திர ராய் என்னும் வங்காளத் தொழிலதிபரிடம் அவர்கள் இத்தொழிலைக் கற்றனர். மொழி வேறு, உணவு வேறு, பழக்கம் வேறு. ஊரில் முதலாளி என்று பெயர் பெறத்தக்கவர்கள் அயலூரில் மாணாக்கராய் அமர்ந்தனர்.

இத்தொழிலை ஊகத்தாற் செய்தல் இயலாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குச்சியின் தலையிலுள்ள மருந்திற் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பிசினும் பிறவும் சேரும். பெட்டியின் பக்கத்திற் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்தமையாலன்றோ பெட்டியில் உரசினாலன்றிக் குச்சி பற்றுவதில்லை. குளோரேட்டும் பாஸ்பரஸும் அறியாமையால் ஒன்று கலக்குமாயின் கலப்பவன் கை தப்பாது. குச்சி மெழுகிற் தோய வேண்டிய அளவு, மருந்தின் பதம், உலர்த்தும் முறை ஆகியன புத்தகத்தில் எழுதியிருப்பினும், செய்து பழகியவன் அருகில் நின்று கண்டாலன்றிக் கைவருவன அல்ல. ஆதலின் அவ்விருவரும் சொல்லாற் கேட்டதோடு அமையாது, கண்ணாற் கண்டும் கையாற் செய்தும் கேட்டனர் என்று கூறுதல் பொருந்தும்.

1923 இல் அவர்கள் ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வருவித்துத் தொழிற்சாலை நிறுவினர். ஆனால் இயந்திரத்தால் நடத்திய தொழில் அவ்வூருக்கு இசையவில்லை; செலவு மிகுந்தது. அப்போது அவர்கள் இயந்திரத்தைக் குறை கூறிக்கொண்டிருக்கவுமில்லை, கற்பித்தவரை நொந்துகொள்ளவுமில்லை. தம் ஊரில் எது மலிவு, எது அரிது என்று ஆராய்ந்தனர். மழையற்ற பூமியில் வேலை தேடும் கைகள் பல. வெயிலோ உலர்த்துதற்கு ஏற்றது. ஆதலாற் குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் முதலியவற்றைக் கைவேலையாகவே நடத்தத் துணிந்தனர். தொழில் நிலைத்தது. அதே 1923 இல் ஸ்வீடன் தேசத்தாரின் முதலோடு தோன்றிய விம்கோ கம்பெனி பெரிய இயந்திரங்களால் தீப்பெட்டி செய்தும், கைவேலையால் நடந்த சிவகாசித் தொழிலை அழிக்க அதனால் இயலவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? தொழிலின் உட்பொருளை அனுபவசாலியிடம் கேட்டே அறிதல் வேண்டும். அதனை நம் ஊருக்கும் நம் முதலுக்கும் பொருத்தும் வேலையோ நம்முடையதே. கல்கத்தாவில் உள்ளவர் மருந்தின் பதத்தைச் சொல்லுவார். சிவகாசியின் வெயிலை அவர் அறியார். கேளாமல் தொடங்குவோன் கை சுடும்; கேட்டதை ஆராயாது அப்படியே செய்வோன் பை சுடும்.

1926 இல் இருவரும் மனவேற்றுமையின்றிப் பிரிந்து தனித்தனியே தொழில் நடத்தினர். ஒருவரது ‘அணில்’ மார்க்கும் மற்றவரது ‘காக்கா’ மார்க்கும் நாடெங்கும் பெயர் பெற்றன. அவர்களிடம் வேலை செய்தும் அவர்களைக் கண்டும் பிறர் கற்றனர். ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்னும் சொல் சாத்தூர், கோவிற்பட்டிச் சீமையிலும் வழங்கலாயிற்று. பெட்டிக்கு வேண்டும் லேபில் அச்சிடும் தொழிலும், மத்தாப்பும் பட்டாசும் செய்யும் தொழிலும் ஊரில் வளர்ந்தன. ஒரு பயணத்திற் கேட்ட கேள்வி ஓர் ஊருக்கு மூன்று தொழில்களை அளித்தது என்னலாம்.

பணத்தைப் பற்றியும் இவ்வாறே முன்னோர் கூடி ஆராய்ந்தனர். 1910 இல் நம் மகாஜன சங்கம் தோன்றியது. 1921 இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கி நிறுவப்பெற்றது. அதுவே 1962 இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி எனப் பெயர் மாறியது. வட்டிக்கடையை மட்டுமே அறிந்த சிறு வியாபாரிக்கு, கணக்குக் கேட்டு, தொழிலின் தன்மை ஆராய்ந்து கடன் கொடுக்கும் இடம் கிடைத்தது. கடன் கொடுப்போன் கேட்கும் கேள்விகளும் ஒருவகை ஆலோசனையே.

இவ்வரலாற்றின் ஒளியை மட்டும் எழுதி நிழலை மறைப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. சிறு விரல்கள் விரைந்து குச்சி அடுக்கும் என்று கண்டு, பள்ளியில் இருக்கவேண்டிய சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி வேலையில் ஏவிய பிழை நம் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. முன்னவர் செய்தார் என்று பின்னவரும் செய்தனர். 1986 இற் சட்டம் தடுத்தது. 1996 இற் சிவகாசியைப் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவத்துள் அறிவும் உண்டு, தவறும் உண்டு. ஆகவே பெரியோரிடம் “எதனால் வென்றீர்கள்?” என்று கேட்பதோடு, “எங்கே தவறினீர்கள்?” என்றும் கேட்டல் வேண்டும். பின்னைய கேள்விக்கு மறையாது விடை கூறுபவரே துணைக்கொள்ளத் தக்க பெரியார்.

இளைஞர்களே! தொழில் தொடங்குமுன் அத்தொழிலில் நின்றவர் ஒருவரையும், அதில் வீழ்ந்து எழுந்தவர் ஒருவரையும் தேடிச் செல்லுங்கள். கையில் வெற்றிலைபாக்கும் கேள்விகள் எழுதிய தாளும் இருக்கட்டும். சரக்கு எங்கே கிடைக்கும், கடன் எத்தனை நாளில் திரும்பும், வியாபாரம் மந்தமாகும் மாதங்கள் எவை, முதலில் எத்துணைப் பங்கைக் கையிருப்பாக வைப்பது என்று கேளுங்கள். இயலுமாயின் சில மாதம் அவர் கடையிலேயே வேலை செய்யுங்கள்.

பெரியோர்களே! உங்களை நாடி வருவோனை எதிர்காலப் போட்டிக்காரன் என்று எண்ணி விடுக்காதீர்கள். கல்கத்தாவில் ஒருவர், எங்கிருந்தோ வந்த இரு தமிழ் இளைஞருக்குத் தம் தொழிலைக் கற்பித்தார். கற்ற இருவருள் அய்ய நாடாரின் பெயரையும் ஜானகி அம்மாளின் பெயரையும் தாங்கிய கல்லூரி 1963 முதற் சிவகாசியில் நிற்கின்றது. கற்கச் சென்றவர் பெயரால் பிறர் கற்கும் இடம் எழுந்தது.

எம் மாணவர் இப்போது அவ்வடுத்த தெருப் பெரியவரின் கடையிற் கணக்கு எழுதுகின்றார். அடகிலுள்ள நகைகள் இன்னும் மீளவில்லை. ஆனால் கேட்கக் கற்றுக்கொண்டார். அவை மீளும் என்றே நம்புகின்றோம்.